எள்ளின் சாட்சி: நெய் என்னும் பெயரும் லேபிள் சட்டமும்

சென்னைத் துறைமுகத்திலிருந்து வடக்கு நோக்கி ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆகிய இடங்களைக் கடந்து எண்ணூர் வரையில் செல்லும் கடலோரப் பாதையில் ஓடும் பார வண்டிகளுள் எண்ணெய் ஏற்றிய தொட்டி லாரிகளும் பல உண்டு. அவற்றுட் சில பெட்ரோலும் டீசலும் சுமப்பவை. சில சமையல் எண்ணெய் சுமப்பவை. மலேசியா, இந்தோனேசியா முதலிய தேசங்களிலிருந்து கப்பலில் வந்திறங்கும் செம்பனை எண்ணெய் கரையிலுள்ள பெருந்தொட்டிகளில் தேக்கப்பட்டு, அங்கிருந்து சுத்திகரிப்பு ஆலைகளுக்குச் செல்லுகிறது. நன்கு சுத்திகரித்த பின்னர் அதற்கு நிறமும் மணமும் ருசியும் அநேகமாக இல்லாமற் போகின்றன. இவ்விதமான எண்ணெய்க்கு ஊரும் பேரும் கொடுப்பது டின்னின் மேல் ஒட்டப்படும் லேபிள் ஒன்றேயாகும்.

மாசிப்பட்டத்தில் எள் விதைத்து, எண்பது தொண்ணூறு நாள் காத்திருந்து, காய் வெடிப்பதற்கு முன் அறுத்துப் போர் போட்டு, உலுக்கி எடுத்து மண்டிக்குக் கொண்டு செல்லும் குடியானவருக்கும் இந்த லேபிளுக்கும் சம்பந்தம் ஏது என்று கேட்கலாம். சம்பந்தம் நிரம்ப உண்டு. கடையில் ‘நல்லெண்ணெய்’ என்னும் பெயருக்கு ஜனங்கள் கொடுக்கும் விலையிலிருந்துதான் மண்டியில் எள்ளுக்குரிய விலை பிறக்கிறது. எள்ளே அதிகம் சேராத ஓர் எண்ணெயை அந்தப் பெயரால் விற்க முடியுமானால், வாங்குகிறவர் ஏமாறுவதோடு எள் விளைவித்தவரும் நஷ்டப்படுகிறார். பெயருக்கும் பொருளுக்கும் உள்ள இந்த வழக்கு மிகப் பழையது. அதில் எள்ளே ஒரு விசித்திரமான முறையில் சாட்சியாக நிறுத்தப்பட்டது என்பது குடியானவர் பலர் அறியாத விஷயம்.

பெயர்கள் வந்த வழி

தமிழில் ‘நெய்’ என்னும் சொல் ஆதியில் பசுவின் நெய்யை மாத்திரம் குறித்ததன்று. பிசுபிசுப்பும் வழவழப்பும் உள்ள கொழுப்புப் பொருள் எதையும் அது குறித்தது. வெண்மையான நெய் வெண்ணெய் ஆயிற்று. எள்ளிலிருந்து வந்த நெய் எண்ணெய் ஆயிற்று. எள் + நெய் என்பதே எண்ணெய். ஆகவே கண்டிப்பாகப் பார்த்தால் எள்ளைத் தவிர வேறெந்த வித்திலிருந்து வருவதையும் எண்ணெய் என்று சொல்வது பொருந்தாது. ஆனால் பாஷை அவ்வளவு கண்டிப்புப் பார்ப்பதில்லை. தேங்காயிலிருந்து வந்தது தேங்காயெண்ணெய் எனவும், ஆமணக்கிலிருந்து வந்து விளக்கில் எரிந்தது விளக்கெண்ணெய் எனவும் வழங்கலாயின. எள்ளின் பெயரை மற்றவையெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு, எள்ளின் எண்ணெய்க்கே தனிப் பெயர் தேவைப்பட்டது, அதுவே நல்லெண்ணெய். வீட்டுக்குடையவர் திண்ணையில் ஒதுங்கியதற்கு இது சமானம்.

இவ்விதம் நடந்தது தமிழில் மாத்திரமன்று. தெலுங்கில் எண்ணெய்க்குரிய ‘நூனெ’ என்னும் சொல்லும் எள்ளைக் குறிக்கும் ‘நுவ்வு’ என்பதோடு நெய் சேர்ந்து வந்ததேயாகும். கன்னடத்தில் ‘எண்ணெ’, மலையாளத்தில் ‘எண்ண’. வடமொழியில் திலம் என்றால் எள். திலத்திலிருந்து வந்தது தைலம். ஐரோப்பாவில் எள்ளின் ஸ்தானத்தை ஒலிவ மரம் வகித்தது. ஆங்கிலத்து ‘ஆயில்’ என்னும் சொல் லத்தீன் வழியாக ஒலிவத்திலிருந்து பிறந்தது. எந்தத் தேசத்தில் எந்த வித்து முதன்மையாக ஆட்டப்பட்டதோ, அதன் பெயரே எண்ணெய்க்கெல்லாம் பொதுப்பெயராயிற்று என்பது இதனால் விளங்கும்.

நல்லெண்ணெய் டின்களில் ஆங்கிலத்தில் அச்சிடப்படும் ‘ஜிஞ்ஜெல்லி’ என்பது தமிழுமன்று, அசல் ஆங்கிலமுமன்று. எள்ளைக் குறிக்கும் அரபுச் சொல் ஒன்று போர்த்துக்கீசியர் வாயில் ‘ஜெர்ஜெலிம்’ ஆகி, பின்னர் இந்தியத் துறைமுகங்களில் வியாபாரம் செய்த ஆங்கிலேயர் வாயில் ஜிஞ்ஜெல்லி ஆயிற்று. உணவுச் சட்டத்தின் அளவைப் பட்டியலிலும் ‘தில்’ என்ற வடநாட்டுப் பெயருக்கு அடுத்தபடி இந்தத் துறைமுகப் பெயரே இடம்பெற்றது.

திருவொற்றியூருக்கு மேற்கே மணலியில் 1969-ஆம் ஆண்டில் பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அத்தகைய ஆலைகளில் பிரித்தெடுக்கப்படும் பொருள்களில் ஒன்று மண்ணெண்ணெய். மண்ணும் எள்ளும் நெய்யும் சேர்ந்த சொல் அது. எள்ளும் அதில் இல்லை. நெய்யும் அதில் இல்லை. ஆயினும் அந்தப் பெயரைக் கேட்டு ஏமாந்து அதைச் சோற்றில் ஊற்றிக்கொண்டவர் ஒருவருமில்லை. பெயர் தவறாக இருப்பதனாலேயே மோசடி ஆகிவிடுவதில்லை. பார்வையிலும் மணத்திலும் ஒன்றுபோல் இருக்கிற இரண்டு பொருள்களில், விலை குறைந்தது விலை உயர்ந்ததன் பெயரை எடுத்துக்கொள்ளும்போதே மோசடி பிறக்கிறது.

நெய்யையும் எண்ணெயையும் முன்னோர் கவனமாகவே பிரித்து வைத்திருந்தனர். சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளில், ஒரு நந்தாவிளக்கு எரிப்பதற்கு 90 அல்லது 96 ஆடுகளை விட்டு, அவற்றைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடவர் என்று விதித்திருப்பதைக் காணலாம். எந்தப் பொருள், எந்த அளவு, யார் பொறுப்பு என்ற மூன்றும் கல்லில் இருக்கும். தற்கால லேபிளில் சட்டம் கேட்பவற்றுள் முக்கியமானவையும் இம்மூன்றே. திருவொற்றியூருக்கு எண்ணெய் வரலாற்றில் வேறொரு சிறப்பும் உண்டு. பெரியபுராணம் கூறும் அறுபத்துமூவருள் ஒருவரான கலிய நாயனார் அவ்வூரில் எண்ணெய் ஆட்டும் வாணியர் குலத்திற் பிறந்து, கோயிலில் விளக்கேற்றும் தொண்டைச் செய்தவர். செல்வம் குறைந்தபோது கூலிக்குச் செக்காட்டியும் அத்தொண்டை விடாமல் நடத்தியவர்.

மணிலாக் கொட்டையும் வனஸ்பதியும்

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856-ஆம் ஆண்டில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் திறக்கப்பட்டது. ஆர்க்காட்டுச் சீமைக்கும் கடற்கரைக்கும் ரயில் தொடர்பு ஏற்பட்ட பிறகு, மானாவாரி நிலங்களில் ஒரு புதுப்பயிர் வேகமாகப் பரவிற்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அப்பயிருக்குக் குடியானவர் வைத்த பெயர் மணிலாக் கொட்டை. பிலிப்பைன்ஸ் தீவின் துறைமுகப் பெயர் அது. மல்லாட்டை என்று வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு ஜில்லாக்களில் சொல்வதும் அதன் மரூஉவே. வேர்க்கடலை, நிலக்கடலை என்பன வேறு வட்டாரங்களில் வழங்கும் பெயர்கள். புதுச்சேரி, கடலூர், சென்னைத் துறைமுகங்களின் வழியாக இக்கடலை பிரான்ஸ் தேசத்து மார்ஸேல் நகரத்தின் எண்ணெய் ஆலைகளுக்கு ஏற்றுமதியாயிற்று.

கடலையெண்ணெயின் கதை அத்துடன் நிற்கவில்லை. திரவ எண்ணெயில் நிக்கல் பொடியைத் துணையாகக் கொண்டு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் அது கெட்டிப்படும் என்பதைக் கண்டு, ஜெர்மனியில் வில்ஹெல்ம் நோர்மன் என்பவர் 1902-ஆம் ஆண்டில் அதற்குரிய காப்புரிமை பெற்றார். அம்முறையில் செய்த கெட்டிக் கொழுப்பு முதலில் ஹாலந்து முதலிய தேசங்களிலிருந்து இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தது. 1930-க்குப் பின் இந்நாட்டிலேயே செய்யப்பட்டது. அதன் மூலப்பொருள் வெகுகாலம் பெரும்பாலும் கடலையெண்ணெயே. அதற்கு ‘வனஸ்பதி’ என்று பெயர் வைத்தனர். வனத்துக்குத் தலைவன் என்பது அச்சொல்லின் பொருள். வடமொழியில் பெரிய மரங்களைக் குறித்த சொல் அது. எண்ணெய் என்ற வாசனையே இல்லாத, கேட்பதற்கு வைதிகமான பெயர். 1937-ஆம் ஆண்டில் ‘டால்டா’ என்ற முத்திரைப் பெயரும் வழக்கிற்கு வந்தது. ‘டாடா’ என்னும் பழைய ஹாலந்துக் கம்பெனிப் பெயரின் நடுவில், லீவர் கம்பெனியின் முதலெழுத்தான ‘எல்’ சேர்க்கப்பட்டது என்பர். சில ஆண்டுகளில் அந்த ஒரு முத்திரைப் பெயரே ஜனங்களின் வாயில் பொருளின் பெயராகிவிட்டது. எந்தக் கம்பெனி செய்ததாயினும் அது டால்டாவே.

வனஸ்பதியை வனஸ்பதி என்றே விற்றால் அதில் மோசடி இல்லை. ஏழைகளுக்கு மலிவான கொழுப்புக் கிடைத்தது என்றும் சொல்லலாம். ஆனால் அது வெண்மையாயும் மணல்மணலாயும் உறைந்து பார்வைக்கு நெய்யைப் போலிருந்தது. விலையோ நெய்யில் ஒரு பகுதி. உருக்கிய நெய்யில் அதைச் சேர்த்துவிட்டால் கண்ணாலும் நாவாலும் கண்டுபிடிப்பது எளிதன்று. மாடு வைத்து நெய் காய்ச்சி விற்ற குடும்பங்களுக்குப் பெருநஷ்டம் ஏற்பட்டது. சுத்தமான நெய் கொண்டுவருகிறவரையும் சந்தையில் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை வந்ததே அந்த நஷ்டத்தில் கொடியது.

சட்டம் பெயரைப் பிடித்த வகை

சென்னை மாகாணத்தில் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1918-ஆம் ஆண்டில், அவ்வாண்டின் 3-ஆவது சட்டமாக இயற்றப்பட்டது. அதற்கு முன்மாதிரி இங்கிலாந்தில் 1875-ஆம் ஆண்டில் ஏற்பட்ட உணவு, மருந்து விற்பனைச் சட்டம். இவ்வகைச் சட்டங்களின் ஆதாரமான கருத்து மிக எளியது: வாங்குகிறவர் எதைக் கேட்டாரோ, இயல்பிலும் சரக்கிலும் தரத்திலும் அதுவே கொடுக்கப்படவேண்டும். நெய் என்று கேட்டவருக்கு நெய்யல்லாததைக் கொடுத்தால், அது உடம்புக்குக் கெடுதி செய்யாததாயினும் குற்றமே. ஆகவே கடையில் வாங்குகிறவர் உச்சரிக்கும் பெயரே வழக்கின் அடிப்படை ஆகிறது. ‘ஏதாவது ஒரு எண்ணெய் கொடு’ என்று கேட்பவருக்குச் சட்டம் செய்யக்கூடிய உதவி சொற்பம்.

இந்தத் தொல்லை இந்தியாவுக்கு முன்பே மேல்நாடுகளில் வந்துவிட்டது. பிரான்ஸ் தேசத்தில் மெஜ்-மூரியே என்பவர் 1869-ஆம் ஆண்டில் மாட்டுக்கொழுப்பைக் கொண்டு போலி வெண்ணெய் ஒன்றைச் செய்தார். அதுவே மார்கரின். இங்கிலாந்தில் அதை ‘பட்டரின்’ என்று, வெண்ணெயின் ஆங்கிலப் பெயரையே ஒட்டி விற்றனர். 1887-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு அப்பெயரைத் தடுத்து, மார்கரின் என்றே சீட்டொட்டி விற்கவேண்டும் என்று சட்டம் செய்தது. அமெரிக்காவில் சில ராஜ்யங்கள் ஒருபடி மேலே போய், போலி வெண்ணெய்க்கு ரோஜா நிறச் சாயம் ஏற்றித்தான் விற்கவேண்டும் என்று விதித்தன. எவரும் வாங்காமற் செய்வதே அதன் உள்நோக்கம். 1898-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அவ்விதியைத் தள்ளுபடி செய்தது.

ஜெர்மானியர் கண்ட வழியே புத்திசாலித்தனமானது. 1897-ஆம் ஆண்டில் அவர்கள் செய்த சட்டப்படி, மார்கரின் செய்பவர் ஒவ்வொருவரும் அதில் குறிப்பிட்ட அளவு எள்ளெண்ணெய் சேர்த்தாகவேண்டும். எள்ளெண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, நாவுக்கும் தெரியாது, உடம்புக்கும் கெடுதியில்லை. ஆனால் எள்ளின் எண்ணெயில் மாத்திரம் உள்ள ஒரு சத்து, சோதனைக் குழாயில் சிவப்பு நிறம் காட்டும். மார்கரினை எவர் வெண்ணெயில் கலந்தாலும், உள்ளேயிருக்கும் எள் வெளியே காட்டிக்கொடுத்துவிடும்.

வனஸ்பதிக்கு நிறமூட்டவேண்டும் என்ற கிளர்ச்சி இந்தியாவிலும் பலமாக நடந்தது. கெடுதியில்லாததும், சூட்டில் அழியாததும், கள்ளத்தனமாக நீக்கிவிட முடியாததுமான சாயம் ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே எள்ளையே இங்கும் சாட்சியாக ஏற்றுக்கொண்டனர். 1947-ஆம் ஆண்டில் தாவர எண்ணெய்ப் பொருள்களுக்கான கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. அக்காலத்தையொட்டி வகுக்கப்பட்ட விதிப்படி, வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பாகத்துக்குக் குறையாமல் எள்ளெண்ணெய் இருக்கவேண்டும். 1954-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதற்கும் ஏற்பட்ட உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் விதிகளிலும், அதற்குப் பதிலாக 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2011-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறைகளிலும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. வனஸ்பதிக்கு நெய்யின் நிறத்தை ஒத்த நிறம் சேர்க்கலாகாது, மணம் ஏதேனும் சேர்த்தால் அது நெய்யின் மணத்தினின்றும் வேறாயிருக்கவேண்டும் என்பனவும் விதிகளே.

சோதனை நடக்கும் முறை இது. உருக்கி வடிகட்டிய நெய்யில் 5 மில்லிலிட்டரும், காரமான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 மில்லிலிட்டரும் எடுத்து ஒரு குழாயில் இட்டு, சாராயத்தில் கரைத்த பர்பூரால் என்னும் திரவத்தைச் சில துளி விட்டு, இரண்டு நிமிஷம் நன்றாகக் குலுக்கி நிறுத்துவார்கள். அடியில் தங்கும் அமிலம் நிறம் மாறாதிருந்தால் எள் இல்லை. ரோஜாச் சிவப்பு ஏறினால் எள் இருக்கிறது. அதாவது வனஸ்பதி கலந்திருக்கக்கூடும். இதைக் கண்டறிந்த பிரெஞ்சு ரசாயனியின் பெயரால் இது பௌடுவான் சோதனை எனப்படும். அமிலம் தோலைச் சுடும் தன்மையது. ஆகையால் இதை வீட்டில் செய்து பார்ப்பது தகாது, சோதனைச்சாலைக்கே விடவேண்டும்.

நெய்யின் தரத்தை அளப்பதில் மாட்டின் தீனியும் குறுக்கிட்டது. பருத்திக் கொட்டை அதிகமாகத் தின்னும் மாட்டின் நெய் ரசாயன அளவுகளில் வேறுபடும். சுத்தமான நெய்யே கலப்பட நெய்போலக் கணக்கில் தோன்றும். பருத்தி விளையும் வட்டாரங்களுக்குத் தனி அளவு வகுத்ததனால்தான் அப்பகுதிக் குடியானவர்கள் நிரபராதமாகத் தண்டனை அடையாமல் தப்பினர். அளவை வகுக்கிறவர்கள் மாட்டுத் தொழுவத்தையும் எட்டிப் பார்க்கவேண்டும் என்பதற்கு இது தக்க உதாரணம்.

தனக்கே சாட்சி சொல்லாத எள்

நெய்யைக் காப்பாற்ற வந்த எள், தன் எண்ணெயைக் காப்பாற்றிக்கொள்ளும் சக்தி அற்றது. பௌடுவான் சோதனை எள் உண்டா இல்லையா என்பதைத்தான் சொல்லும். வேறென்ன சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. பாதி எள்ளெண்ணெயும் பாதி வேறு மலிவெண்ணெயும் சேர்ந்த டின்னிலும் சிவப்பு நிறம் நன்றாகவே தோன்றும். ஆகையால் நல்லெண்ணெயின் சுத்தத்தை அறிய வேறு வழிகளைத் தேடவேண்டியதாயிற்று. அவற்றுள் ஒன்று, எண்ணெயைக் குறித்த முறையில் ரசாயனத் திரவங்களோடு சேர்த்து மெல்லக் குளிரவைத்து, எந்தச் சூட்டில் கலங்குகிறது என்று பார்ப்பது. நல்லெண்ணெய் 22 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் கலங்கலாகாது. கடலையெண்ணெய் 39 முதல் 41 டிகிரிக்குள் கலங்கும். இதனால் நல்லெண்ணெயில் கடலையெண்ணெய் கலந்தது வெளிப்படும். நுட்பமான கலப்படங்களுக்குக் கொழுப்பமிலங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் யந்திரங்கள் தேவை.

நெய்யிலும் அந்தப் பழைய காவல் தளர்ந்துவிட்டது. வனஸ்பதிக்குப் பதிலாக எள் சேராத வேறு கொழுப்பைக் கலப்பவரைப் பௌடுவான் சோதனையால் பிடிக்க முடியாது. வனஸ்பதியின் செல்வாக்கும் வேறொரு காரணத்தால் குறைந்தது. ஹைட்ரஜன் ஏற்றும்போது உண்டாகும் ‘டிரான்ஸ்’ கொழுப்பு இருதயத்துக்குக் கெடுதி என்று அறியப்பட்டதால், எண்ணெய், கொழுப்புகளில் அதன் அளவை 2021-ஆம் ஆண்டில் நூற்றுக்கு 3 பாகமாகவும் 2022-ஆம் ஆண்டில் 2 பாகமாகவும் சர்க்கார் குறைத்து வரம்பிட்டனர்.

பழைய விதிப்படி, இரண்டு எண்ணெய்களைக் கலந்து ஒரே எண்ணெயாக விற்பது முற்றிலும் தடுக்கப்பட்டிருந்தது. பின்னர், கலப்பெண்ணெய் என்று சொல்லி விற்பதற்கு அனுமதி கிடைத்தது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. கலப்பிற் சேரும் ஒவ்வோர் எண்ணெயும் எடையில் நூற்றுக்கு 20 பாகத்துக்குக் குறையலாகாது. எது எத்தனை பாகம் என்று லேபிளில் காட்டவேண்டும். அக்மார்க் முத்திரையும் கட்டாயமாக்கப்பட்டது. 1937-ஆம் ஆண்டின் விளைபொருள் தரம்பிரித்தல், குறியிடுதல் சட்டத்தின்படி தோன்றிய அம்முத்திரை மற்ற எண்ணெய்களுக்கும் நெய்க்கும் விருப்பமானவர் பெறுவதாகவே அமைந்தது. ஆகவே ஒரு டின்னில் எள்ளின் படம் பெரிதாயிருந்து, ஓரத்தில் சிறு எழுத்தில் இருபது பாகம் எள்ளெண்ணெய், எண்பது பாகம் வேறு எண்ணெய் என்று இருந்தால், படத்தை விட்டு எழுத்தையே நம்பவேண்டும்.

2007-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் பாமாயில் கொடுக்கப்பட்டு வந்தது. அதன் பெயரில் ஒளிவுமறைவு இல்லை என்பது அதற்குப் பெருமை. பாம் என்பதைப் பனை என்று மொழிபெயர்த்து, இந்நாட்டுப் பனைமரத்திலிருந்து வருவதென்று எண்ணுவோர் மாத்திரம் சிலர் உண்டு. அது ஆப்பிரிக்காவிலிருந்து மலாய் நாட்டுக்குப் போன வேறொரு மரம். மலேசியத் தமிழர் அதற்குச் செம்பனை என்று பொருத்தமான பெயர் வைத்திருக்கின்றனர். மலிவாகவும் சுத்தமாகவும் கிடைக்கும் அந்த எண்ணெயைக் குறைகூற இடமில்லை. அது வேறு பெயருடைய டின்களுக்குள் நுழைவதே குறை.

இதைவிட நூதனமானது தீபத்துக்கென்று விற்கப்படும் எண்ணெய். பார்வைக்கு நல்லெண்ணெயைப் போலவே மஞ்சளாகவும், பாத்திரமும் படமும் ஏறக்குறைய ஒன்றாகவும் இருக்கும். ஓரத்தில் ‘உண்ணத் தகுந்ததன்று’ என்று பொடியெழுத்தில் காணப்படும். உணவன்று என்று சொல்லிவிட்டபடியால் உணவு எண்ணெய்க்குரிய தர அளவுகள் அதற்கு இல்லை. மளிகைக் கடையிலோ இரண்டும் ஒரே பலகையில் அடுத்தடுத்து நிற்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயோதிகர் விலை குறைந்ததை எடுத்துப்போய்த் தாளித்துவிட்டால் யாரைக் குற்றம் சொல்வது? பழைய விளக்கெண்ணெய் பெயரில் விளக்கைத் தாங்கியிருந்தும் ஆமணக்கேயாக இருந்தது. இக்காலத்து விளக்கு எண்ணெய் எதனால் ஆனது என்பதை லேபிள் பலமுறை சொல்வதேயில்லை.

லேபிளின் பாஷையும் ஆலோசிக்கத்தக்கது. சட்டம் கட்டாயமாகக் கேட்கும் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். வேறு பாஷையில் சேர்த்துப் போடுவது அவரவர் விருப்பம். தமிழ் மாத்திரம் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு முகப்பிலுள்ள ‘நல்லெண்ணெய்’ என்ற பெரிய எழுத்து விளங்கும். பின்புறத்துச் சேர்மான விவரம் விளங்காது. பெயரைத் தமிழிலும் சேர்மானத்தை வேறு பாஷையிலும் படிக்கச் சொல்வது நியாயமாகத் தோன்றவில்லை.

செக்கு வைத்திருப்போர் கவனிக்கவேண்டியவை

மின்சாரத்தால் சுற்றும் மரச்செக்குகள் அண்மைக் காலத்தில் பல ஊர்களில் ஏற்பட்டிருக்கின்றன. தம் எள்ளையும் கடலையையும் தாமே ஆட்டி விற்க முன்வரும் மிராசுதார்களும் உண்டு. ‘மரச்செக்கு’ என்ற சொல் எண்ணெய் எடுத்த முறையைத்தான் சொல்லுகிறது. உள்ளே போன வித்தைச் சொல்லவில்லை. ஆகையால் லேபிளில் முதலில் நிற்கவேண்டியது எண்ணெயின் பெயர்.

உணவு எண்ணெயை அடைக்காமலும் லேபிள் இல்லாமலும் சில்லறையாக ஊற்றி விற்பது ஒழுங்குமுறைகளால் தடுக்கப்பட்டிருக்கிறது. பொருளின் பெயர், சேர்மானம், நிகர அளவு, செய்த அல்லது அடைத்த தேதி, எதுவரையில் உபயோகிக்கலாம் என்பது, செய்தவர் பெயரும் விலாசமும், 14 இலக்கமுள்ள உரிம அல்லது பதிவு எண், சைவப் பொருள் என்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி ஆகியவை இருக்கவேண்டும். எள்ளாட்டும்போது எண்ணெய் பிரிவதற்காகக் கருப்பட்டி அல்லது வெல்லம் சேர்ப்பது பழைய வழக்கம். அது பிண்ணாக்கோடு போய்விடுவது. எண்ணெயைத் தெளியவைத்து வடிகட்டினால் வம்பில்லை. தெளியாத எண்ணெயை அவசரப்பட்டு அடைத்துவிட்டுப் பின்னர் புட்டியின் அடியில் வண்டல் கண்டு வருந்தியவர்கள் பலர். ஆட்டுகிற எள் நன்கு உலர்ந்ததாயும், மண்ணும் கல்லும் நீங்கினதாயும், பூஞ்சணம் பிடியாததாயும் இருத்தல் அவசியம். கடலையெண்ணெய் ஆட்டிய செக்கையும் தொட்டியையும் துடைக்காமல் எள்ளைப் போடுவதும் தவறு. மனமறியாது நேர்ந்த கலப்பையும் சோதனைச்சாலை கலப்பென்றே எழுதும்.

பொய்யான அல்லது தவறான லேபிள் உள்ள உணவுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று லட்சம் ரூபாய் வரையில் அபராதம் விதித்தது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி மாதிரி எடுக்கும்போது அதை நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிடவேண்டும். ஒரு பங்கு சோதனைக்குப் போகும். மற்றவை, முதற் சோதனையின் முடிவில் தகராறு ஏற்பட்டால் மறுபடி பார்ப்பதற்கு உதவும். செக்கு உடையவர் தம் எதிரிலேயே பங்கு பிரித்து முத்திரையிடப்படுவதைப் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

அதிகாரி வந்துதான் மாதிரி எடுக்கவேண்டும் என்பதில்லை. மேற்படி சட்டத்தின் 40-ஆவது பிரிவுப்படி, வாங்குகிற எவரும் தாம் வாங்கிய பொருளைச் சோதனைக்குக் கொடுக்கலாம். சோதிக்கப்போவதாகக் கடைக்காரரிடம் வாங்கும் சமயத்திலேயே தெரிவித்து, உரிய கட்டணத்தைச் செலுத்தவேண்டும். பொருள் சட்டத்துக்கு மாறானதென்று அறிக்கை வந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். தம் ஊர்ச் சந்தையில் நல்லெண்ணெய் என்ற பெயரால் எள்ளின் விலைக்கும் குறைவாக எண்ணெய் விற்பதைக் காணும் எள் சாகுபடிக்காரரும், கிராம அதிகாரிகளும் இந்த வழியை உபயோகிக்கலாம். சாதாரணமாக ஒரு கிலோ எள்ளில் பாதிக்குச் சற்று முன்பின்னாகவே எண்ணெய் இருக்கிறது. செக்கில் அதுவும் முழுவதும் இறங்குவதில்லை. இரண்டு கிலோவுக்கு மேல் எள் போட்டு ஆட்டினால்தான் ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கும். மண்டியில் அன்றைய எள் விலையை இரண்டேகாலால் பெருக்கி, பிண்ணாக்கின் விலையைக் கழித்து, ஆட்டுக்கூலியைக் கூட்டிப் பார்த்தால், கடையில் சொல்லும் விலைக்கு அந்த எண்ணெயைக் கொடுக்க முடியுமா என்பது சோதனைக் குழாய் இல்லாமலே ஒருவாறு தெரிந்துவிடும்.